மோர் ஓடைக்கு ஒரு சனிக்கிழமை

வட இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும், உடன் ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

கோடை நெருங்கினால் நம் பள்ளிகளில் ஆண்டுச் சுற்றுலா பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலும் ஒரு தீம் பார்க், இல்லையென்றால் கடற்கரை. இந்த ஆண்டு அதை மாற்றி, ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள பட்டர்மியர் பள்ளத்தாக்குக்கு நடக்க அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். நான் மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழு ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சொந்த ஊர் தென்காசி.

"லேக் டிஸ்ட்ரிக்டா, போயிருக்கிறோமே" என்று சொல்வீர்கள். போயிருக்கிறோம்தான். விண்டர்மியரில் வண்டி நிறுத்த அரை மணி நேரம் சுற்றி, படகில் ஒரு சுற்று, ஐஸ்கிரீம், அன்னப்பறவையோடு போட்டோ, டிக்கியைத் திறந்து பிரியாணி, ஐந்து மணிக்குத் திரும்பல். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் போய்வந்தேன். குறை சொல்லவில்லை, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படகுத்துறையிலிருந்து பார்த்தால் தூரத்தில் நீலமாகத் தெரியுமே மலைகள், அதற்குள்ளே நம் பிள்ளைகள் கால் வைத்ததில்லை.

எனக்கு இது உறைத்த இடம் வகுப்பறை. போன ஆண்டு இயற்கை பற்றிய பாடத்தில் 'சுனை' என்ற சொல் வந்தது. ஒரு பெண் குழந்தை கை தூக்கி, "சார், சுனைன்னா ஸ்விம்மிங் பூலா?" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் தெரியாது. பலகையில் ஒரு மலை வரைந்தேன், அதன் இடுப்பில் ஒரு வட்டம் போட்டேன், "இங்கே தேங்கி நிற்கும் தண்ணீர்" என்றேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அருவி என்றால் வாட்டர்ஃபால், ஓடை என்றால் ஸ்ட்ரீம், சுனை என்றால் மலையில் குளம். பரீட்சையில் முழு மதிப்பெண். ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் குளிரோ சத்தமோ வழுக்கலோ எதுவும் இல்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும். ஐந்தருவிக்கு யாரும் அகராதி பார்த்துப் போவதில்லை.

பட்டர்மியரில் அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஊரிலிருந்து பத்து நிமிடம் நடந்து ஏரிக்கரைக்கு வந்தால், எதிரே ரெட் பைக், ஹை ஸ்டைல், ஹை க்ராக் என்று மூன்று மலைகள் வரிசையாக நிற்கும். நடுவில் இருக்கும் ஹை ஸ்டைல் 807 மீட்டர். ரெட் பைக்குக்கும் அதற்கும் நடுவே, மலையின் மடியில், பிளேபெரி டார்ன் என்ற சுனை இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அது நிறைந்து வழிந்து இறங்குவது தெரியும்: மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓர் ஓடை பாறை பாறையாக விழுந்து வருகிறது. அதன் பெயர் சவர் மில்க் கில். புளித்த பால் ஓடை. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னபோது, "அப்படின்னா மோர் ஓடை" என்றான் ஒரு பையன். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றியதில்லை. பட்டர்மியர் என்ற பெயருக்கே நல்ல மேய்ச்சல் நிலத்தை அடுத்த ஏரி, வெண்ணெய் ஏரி என்றுதான் பொருள் சொல்கிறார்கள். வெண்ணெய் ஏரியில் போய்ச் சேருகிறது மோர் ஓடை.

அந்த ஊர்ச் சொற்களையும் கவனியுங்கள். அங்கே மலைக்கு ஃபெல், ஓடைக்கு பெக், மலைச் சந்துக்குள் விழுந்தடித்து வரும் ஓடைக்கு கில், சுனைக்கு டார்ன், அருவிக்கு ஃபோர்ஸ். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் விட்டுப்போன சொற்கள் இவை. அந்த மொழியை அங்கே இன்று யாரும் பேசுவதில்லை, ஆனால் தண்ணீருக்கும் மலைக்கும் வைத்த பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளியில் இந்தச் சொற்களையும் சொல்லித்தருவதில்லை. டார்னும் சுனையும் அவர்களுக்கு ஒரே நாளில், ஒரே தண்ணீரின் கரையில் கிடைக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, நடையைச் சொல்கிறேன். பட்டர்மியர் ஏரியை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் சுமார் 7 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டரை மணி நேரம் போதும். பிள்ளைகளோடு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எடுத்துத் தண்ணீரில் எறிந்து பார்ப்பார்கள், எறியட்டும். பெரும்பாலும் சமதளம். தென்மேற்குக் கரையில் பர்ட்னஸ் காட்டுக்குள் அகலமான பாதை போகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதும், தாத்தா பாட்டிக்கும் போதும். காடு முடிந்ததும் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஃப்ளீட்வித் பைக்கும் ஹேஸ்டாக்ஸும் முழுசாகத் தெரியும். ஹேஸ்டாக்ஸ் 597 மீட்டர்தான், சுற்றியிருக்கும் மலைகளைவிடக் குள்ளம். ஆனால் லேக் டிஸ்ட்ரிக்டின் 214 மலைகளை ஒவ்வொன்றாக நடந்து வரைந்து எழுதிய ஆல்ஃபிரட் வெயின்ரைட், தன் சாம்பலை அதன் உச்சியில் இருக்கும் ஒரு சுனைக்கரையில் தூவச் சொல்லிவிட்டுப் போனார். 1991இல் அப்படியே செய்தார்கள். எந்தச் சுனை என்றால், இன்னோமினேட் டார்ன், பெயரில்லாச் சுனை. அந்த வகுப்புக் குழந்தைக்கு இதை நான் அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

கேட்ஸ்கார்த் பண்ணையில் ஏரி முடிகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் வாகனச் சாலையில் நடக்க வேண்டும். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் ஒற்றை வரிசையில். அதைத் தாண்டினால் மறு கரைப் பாதை. வழியில் பாறை ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அதைக் குடைந்தே பாதை போட்டிருக்கிறார்கள். இருட்டு, கால் கீழே ஈரம், சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். உள்ளே போனதும் எங்கள் பிள்ளைகள் கத்திய கத்தல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். என்ன கத்தினார்கள் தெரியுமா? "யான், டியான், டெதரா, மெதரா, பிம்ப்!"

அது அந்தப் பக்கத்து இடையர்கள் ஆடு எண்ணிய கணக்கு. ஒன்றிலிருந்து ஐந்து. பத்துக்கு டிக், பதினைந்துக்கு பம்ஃபிட், பதினாறுக்கு யான்-எ-பம்ஃபிட், அதாவது ஒன்றும் பதினைந்தும். வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு பழைய மொழியின் மிச்சம் என்பார்கள். போகும் வழியில் மினிபஸ்ஸில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். திரும்பும்போது தமிழில் இருபது வரை எண்ணத் தடுமாறும் ஒரு பையன்கூட, 'யான் ஒன்று, டியான் இரண்டு' என்று ராகம் போட்டு இருபதைத் தொட்டுவிட்டான்.

ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மலைகளில் மேய்வது ஹெர்ட்விக் என்ற இனம். குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளரச் சாம்பல் நிறமாகும், முகமும் கால்களும் வெள்ளை. போன கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். எழுபத்து நான்கு வயது, முழங்கால் வலி. பர்ட்னஸ் காடு வரை நடந்துவிட்டு ஒரு கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கிய சுவர். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏய்யா, மேல மலையில வேலியே காணோமே, ஆடு எப்படித் திசை மாறாம நிக்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டை மூடிக்கொண்டு வந்த ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டேன். அவர் நின்று, அவசரமில்லாமல் சொன்னார்: தாய் ஆடு தன் குட்டிக்கு மலையில் தங்கள் பங்கு எது என்று காட்டிக்கொடுக்கிறது, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டுகிறது, வேலி தேவையில்லை. 2001இல் கோமாரி நோய் வந்து மந்தை மந்தையாகக் கொன்று புதைத்தபோது, ஆடு போனதைவிட அந்த நினைவு அறுந்துபோனதுதான் பெரிய கவலையாக இருந்தது என்றார். ஒரு மலை மந்தையை முழுசாக இழந்தால், வாங்கிவந்து விடும் புது ஆட்டுக்கு இது நம் இடம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு தாய் ஆடு அங்கே இல்லை. அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கிடை போடுவது என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தார். என் மகள் தாத்தாவிடம் அவ்வளவு நேரம் தமிழில் கேள்வி கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்களுக்கு எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் முறை போனபோது ஏரியைச் சுற்றவில்லை. லேக் டிஸ்ட்ரிக்டிலேயே உயரமான அருவி ஸ்கேல் ஃபோர்ஸ், ஒரே தாவலில் 170 அடி, அதைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினேன். நால்வரும் ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ. ஊரிலிருந்து பாலம் தாண்டியதும் பாதை சேறாகிறது. சேறு என்றால் நம் வயல் சேறு மாதிரி, கறுத்து, ஊறி, கால் வைத்தால் விடாது. ஐந்து வயது மகனுக்கு முழங்கால் வரை இறங்கிவிட்டது. காலை இழுத்தோம், ஷூ வரவில்லை. அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்த ஜீன்ஸ் கல் மாதிரி கனக்கும், குளிர் எலும்புக்கு ஏறும். பையன் உதடு நீலமாகிவிட்டது. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி நின்று, தங்கள் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்துப் போட்டுவிட்டார்கள், பிளாஸ்கிலிருந்து சூடாகத் தேநீர் ஊற்றித் தந்தார்கள். அருவியைப் பார்க்காமலே திரும்பினோம். திரும்பியது சரியான முடிவு. அடுத்த ஆண்டு சரியான ஷூவோடு போய்ப் பார்த்தோம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது, கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வரும். ஆனால் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போக வேண்டாம். ஏரியைச் சுற்றுவதே முழு நாளுக்குப் போதும், மோர் ஓடை வழியிலேயே இருக்கிறது.

மழை என்று சொன்னால் பெற்றோர் முகம் மாறும். மாறுவதில் நியாயம் உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் மழை, இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் அதுதான் அதிகம். பட்டர்மியருக்கு மேலே இருக்கும் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 அன்று 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது, பிரிட்டனின் சாதனை அது. அந்த வாரத் தொடக்கத்தில்தான் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்கு நான்கு நாளாகத் தொலைபேசி கிடைக்காமல் தவித்துவிட்டு, கிடைத்த மறுநாள் டிவியைப் போட்டால் அந்த மலைப் பக்கத்து ஊர்களான கார்லைலும் காக்கர்மவுத்தும் தண்ணீருக்குள் நிற்கின்றன. மலை மழையை லேசாக நினைக்க வேண்டாம் என்று அதனால்தான் சொல்கிறேன். ஆனால் ஜூலைத் தூறல் வேறு. குற்றாலத்துச் சாரல் மாதிரி அது. பிள்ளைகளுக்குச் சாரல் என்ற சொல்லுக்கும் பொருள் கிடைத்துவிடும். முந்தின நாள் மலைப்பகுதிக்கான வானிலை அறிக்கையைப் பாருங்கள், பலத்த காற்று, இடி என்று போட்டிருந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தியே வேண்டாம். சீக்கிரம் காயும் பேன்ட், ஸ்வெட்டர், ரெயின்கோட், பிடிப்புள்ள ஷூ, மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. பழைய ரெயின்கோட், வளர்ந்த பிள்ளைகளின் ஷூ எல்லாவற்றையும் பள்ளியில் ஒரு பெட்டி வைத்து முன்கூட்டியே சேர்த்தால், புதிதாக வாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளையும் கூச்சமில்லாமல் வரலாம். இதைத் தயவுசெய்து செய்யுங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும், ஆளுக்கொரு விசில். தொடர்ந்து ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு முறை ஊதுவது மலையில் உதவி கேட்கும் அடையாளம். அதை விளையாட்டுக்கு ஊதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் 999 அழைத்தால் முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். அந்தக் குழுவினர் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், நம் பள்ளி ஆசிரியர்களைப் போலவே. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கால், முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாடு நமக்குக் கைவந்த கலை. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், பொடி தடவிய இட்லி, எதுவும் கெடாது. ஒரு துண்டு வாழைப்பழத் தோல்கூட அங்கே விடாமல் பையில் எடுத்து வந்துவிட வேண்டும், ஓடையில் பாத்திரம் கழுவக் கூடாது, திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியபடியும் விட வேண்டும். கழிப்பறை ஊரில்தான், ஏரியைச் சுற்றி இல்லை, கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள்.

மான்செஸ்டரிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். பெரிய கோச் வேண்டாம், மினிபஸ் எடுங்கள், காக்கர்மவுத் பக்கமிருந்து லோர்ட்டன் வழியாக வாருங்கள். ஹானிஸ்டர் கணவாய்ச் சாலை நாலுக்கு ஒன்று என்று ஏறும். தெற்கிலிருந்து வரும் பள்ளிகள் ஒரு நாளில் திரும்ப முடியாது, ஆனால் பட்டர்மியரிலேயே யூத் ஹாஸ்டல் இருக்கிறது.

இன்னொரு தயக்கம் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. "அங்கெல்லாம் நம்ம ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்களே." 2019இல் அரசு கேட்டு வாங்கிய ஓர் ஆய்வறிக்கையே இதை ஒப்புக்கொண்டது: சிறுபான்மை இனத்தவர் பலருக்குத் தேசியப் பூங்காக்கள் தங்கள் இடமாகத் தோன்றவில்லை என்று. முதல் முறை நானும் அந்தக் கார் பார்க்கில் இறங்கியபோது சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1951இல் தேசியப் பூங்காவான இடம், 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது, பொதுப்பாதையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்னும் ஒன்று சொல்கிறேன். 1894இலிருந்து மான்செஸ்டருக்கு அந்த மலைகளில் இருக்கும் தேர்ல்மியர் ஏரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது. 96 மைல், பம்ப் எதுவும் இல்லாமல், சரிவிலேயே ஓடி வருகிறது. இங்கே நம் வீடுகளில் சோறு வேகிற தண்ணீரில் அந்த மழையும் இருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

ஜூலை என்று நான் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏப்ரலிலிருந்து ஜூன் கடைசி வரை கரையோரப் பாதையின் ஒரு துண்டை மூடி, வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். உள்ளான் குருவி கூழாங்கல் கரையில் முட்டையிடும் காலம் அது. ஊரில் குளக்கரையில் பார்த்திருப்பீர்கள், வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் சின்னப் பறவை. அதே இனம்தான். குஞ்சுகள் பறந்த பிறகு நாம் போவோம்.

நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினால், எந்தப் பள்ளியாக இருந்தாலும் நான் முன்னதாக ஒரு நாள் உங்கள் ஆசிரியர்களோடு வந்து பாதை முழுவதையும் நடந்து காட்டுகிறேன். எங்கள் பள்ளி ஷூப் பெட்டியில் இப்போது பதினோரு ஜோடி இருக்கின்றன. பெரும்பாலும் ஏழு வயதிலிருந்து பத்து வயது வரைக்கான அளவு. உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர், மான்செஸ்டர்